பதினான்காவது பெயர்

எங்கள் அத்தை இருபத்தாறு வருஷம் உலகக் கூட்டாட்சிச் சங்கத்தில் டைப்பிஸ்டாக இருந்தார். சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மாடியில் இரண்டே அறை. ஒன்றில் செயலாளர், இன்னொன்றில் அத்தை. எல்லா நாடுகளும் ஒரே சட்டத்துக்குக் கட்டுப்பட்டால் போரே வராது என்பது சங்கத்தின் கொள்கை. உலகத்தையே ஆளப்போகிற ஆபீசில் ஒரு மின்விசிறிக்கு வழியில்லையா என்று மாமா கேலி செய்வார்.

சங்கத்தின் கடிதத்தாள் அவ்வளவு அழகாக இருக்கும். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக, சங்கத்தை ஆதரித்த பெரியவர்களின் பெயர்கள்: விஞ்ஞானிகள், நீதிபதிகள், ஒரு பாடகி என்று பல நாட்டுக்காரர்கள் பதினான்கு பேர். யாருக்கு எப்போது பிறந்தநாள், யார் கையெழுத்து கோழி கிறுக்கல் என்பதெல்லாம் அத்தைக்கு அத்துப்படி.

கடைசிப் பெயர் ஒரு நாடக ஆசிரியருடையது. அவர் நாட்டில் ஆட்சி மாறியதும் அவரைச் சிறையில் போட்டார்கள். கடிதத்தாளில் அந்தப் பெயர் இருந்தால் சங்கத்தின் மாநாட்டுக்கு அரசு மண்டபம் கிடையாது என்று இங்கே அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். செயலாளர் நல்ல மனிதர்தான். ஆனால் மாநாடு அவருடைய பத்து வருஷக் கனவு. புதுத்தாள் பதிமூன்று பெயர்களோடு அச்சாகி வந்தது.

அத்தை ஒவ்வொரு கடிதத்திலும் முதலில் ஓரத்துக்குப் போய், பதிமூன்றாவது பெயருக்குக் கீழே விடுபட்ட பெயரை அடித்தார். அப்புறம்தான் மற்றதெல்லாம். நாற்பது கடிதம் போனபிறகே செயலாளர் கண்ணில் பட்டது. கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"மண்டபம் கையைவிட்டுப் போயிடும்மா."

"போகட்டும் சார். நம்மள நம்பித்தானே பேரைக் கொடுத்தார்? ஜெயில்ல இருக்கிறவரைக் கேட்காம எப்படி எடுக்கிறது?"

செயலாளர் பேனா மூடியைத் திருகித் திறந்தார். பதினான்கு பெயரோடு இருந்த அன்றைய கடிதங்களில் கையெழுத்துப் போட்டார்.

மண்டபம் கிடைக்கவில்லை. மாநாடு ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறையில் நடந்தது. பாடகி மைக் இல்லாமலே பாடினாராம்.

ஐந்து வருஷம் கழித்து அந்த நாடக ஆசிரியர் விடுதலையாகி, கைத்தடி ஊன்றி மாடிப்படி ஏறி வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். சிறைக்கு அத்தை அனுப்பிய கடிதம். விஷயம் முழுவதையும் சிறை அதிகாரிகள் கறுப்பு மை பூசி மறைத்திருந்தார்கள். ஓரத்தை மட்டும் யாரும் தொடவில்லை. தன்னை இன்னும் கணக்கில் வைத்திருக்கிறார்கள் என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாகச் சொன்னார்.

அத்தை காலமாகி ஒன்பது வருஷமாகிறது. நாடக ஆசிரியர் வந்த அந்த மத்தியானத்தைப் பற்றி, உயிரோடு இருந்தவரை எத்தனை முறை கேட்டாலும், "மனுஷன் எப்படி மெலிஞ்சு போயிருந்தார் தெரியுமா" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.