இரண்டு வெள்ளிகளுக்கு ஒரே எண்

பெரியப்பா யாரையும் முழுதாக நம்பியவரல்ல. எனக்குப் பத்து வயதான அந்த ஆண்டில் அவர் சந்தேகித்தவர்களை வரிசைப்படுத்தினால், மண்ணெண்ணெயில் தண்ணீர் கலக்கும் கடைக்காரர், நீல மையை நீர்க்க விட்டு விற்கும் மைக்காரர், பிறகு சீமையில் அச்சான நட்சத்திர அட்டவணை. நான்காவது ஆள் நான்.

அப்பாவுக்குக் கம்பளை ஸ்டேசனில் வேலை. பள்ளிக்கூடத்துக்காக நான் கண்டியில் பெரியப்பா வீட்டில் இருந்தேன். அவர் கந்தோரில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், படம் வரைபவர். வீதிகளைச் சிவப்பிலும் தண்ணீர்க் குழாய்களை நீலத்திலும் கீறுவார். பொழுது சாய்ந்ததும் முற்றத்துக்கு வந்து ஒளி மாறும் நட்சத்திரங்களை, எங்கள் பேச்சில் வெள்ளிகளை, பார்த்து, சீமையில் ஒரு சங்கத்துக்கு எழுதியனுப்புவார். மாறும் வெள்ளியை அளக்க, பக்கத்தில் மாறாத வெள்ளிகள் வேண்டும். அவற்றின் பிரகாசத்துக்கு அட்டவணையில் எண் உண்டு. அந்த எண் பிழையானால் அளவெல்லாம் பிழையாகும்.

அப்படி அவர் வைத்திருந்த இரண்டில் ஒன்று செம்மஞ்சள், மற்றது நீலம். அட்டவணை இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்திருந்தது. பெரியப்பாவுக்கு நீலம் மங்கலாகத் தெரிந்தது. அட்டவணையின் பிழையைப் பிடித்துவிட்டேன் என்று அவருக்கு ஒரே புளகாங்கிதம். சங்கத்துக்கு எழுதுமுன் இன்னொருவரின் கண் மட்டும் தேவைப்பட்டது.

தொலைநோக்கியை என் கையில் தந்தார். நான் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்டுதான்" என்றேன்.

"அட்டவணையைப் பாத்தனியோ?"

"அது அலுமாரிக்குள்ளை. சாவி உங்கட மடியிலை."

மறுநாள் மலையை மூடிய மேகம். அதற்கடுத்த நாள் அவர் வழக்கத்துக்கு மாறாகக் கனிவாக, "நீலம் மங்கலெண்டுதான் புத்தகத்திலையும் போட்டிருக்கு, பிள்ளை" என்றார். பூட்டி வைத்த புத்தகத்தில் இருப்பதை எனக்கு ஏன் சொல்கிறார்? இது பொறி என்று தோன்றியது. அன்றும் ஒன்றுதான் என்றேன். பொய் சொல்லப் பழகிய பிள்ளையைக் கம்பளைக்கே அனுப்பிவிடலாமா என்று அவர் யோசிப்பது நெற்றியிலேயே தெரிந்தது. ஆனாலும் நான் மாற்றிச் சொல்லவில்லை.

கடைசியில் என்னை வாசல் படலையடியில் நிறுத்திவிட்டுப் பெரியம்மாவைக் கூப்பிட்டார். அவர் கரண்டியோடு வந்தார்.

"உங்கட வெள்ளியைப் பாத்துக்கொண்டு நிண்டால் இடியப்பம் ஆர் அவிக்கிறது?"

"சும்மா பாரும். எது மங்கல்?"

பெரியம்மா பார்த்தார். "ரெண்டும் ஒரே மாதிரித்தான் கிடக்கு."

"ரெண்டு பேரும் கதைச்சு வைச்சிட்டியள்!"

"ஓம், எங்களுக்கு வேறை வேலையில்லை. எண்ணெய்க்காரன் கள்ளன், மைக்காரன் கள்ளன், இப்ப நானும் இந்தப் பிள்ளையும் கள்ளர்." சிரித்தபடி திரும்பியவர் நின்றார். "மைக்காரனோடை சண்டை பிடிச்சது எந்த மைக்கு?"

"நீலத்துக்கு."

"நீங்கள் மங்கலெண்ட வெள்ளி என்ன நிறம்?"

பெரியப்பா கதிரையில் போய் உட்கார்ந்தார். ஒரு கண்ணைப் பொத்தி மேலே பார்த்தார். பிறகு மற்றதைப் பொத்திப் பார்த்தார். நெடுநேரம் கழித்து என்னைப் படலையடியிலிருந்து அழைத்து, "நீ சொன்னது சரி, பிள்ளை" என்றார். அந்த அட்டவணையையும் அலுமாரியிலிருந்து எடுத்து என் கையிலேயே வைத்தார். வென்றுவிட்டேன் என்று நான் பெரியம்மாவைப் பார்த்தேன். இடியப்பப் பானை வற்றித் தீய்ந்த மணம் வந்தும் அவர் அடுப்படிக்குப் போகாமல் நின்றார்.

வயது ஏறும்போது கண்ணின் வில்லை மஞ்சளித்து, நீல ஒளியைத்தான் அதிகம் மறைக்கும் என்று பின்னாளில் பௌதிகம் படிக்கையில் அறிந்தேன். அப்போது இதெல்லாம் தெரியாது. கண் மங்கிய படவரைஞரைக் கந்தோர் எத்தனை நாள் வைத்திருக்கும் என்பதும் தெரியாது.

அடுத்த வாரமே அவர் படச்சுருள்களை வீட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கினார். விளக்கைக் கிட்ட இழுத்து, என்னைப் பக்கத்தில் இருத்தி, "இந்த நீலக் கோடு எங்கை முடியுது?" என்று கேட்பார். "கந்தோர் ஆக்கள் ஆரும் வந்தால் இதைப்பற்றிக் கதையாதை."

யாரையும் நம்பாதவர் என்னை நம்பிவிட்டார் என்று பெருமையாக இருந்தது. கோட்டின் நுனியில் விரலை வைத்துக் காட்டுவேன். அவர் கோட்டைத் தேடமாட்டார். என் விரல் நுனியிலேயே பேனையை ஊன்றுவார்.