இரண்டு பேருக்கு ஊறிய பருப்பு

ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவருக்கு அங்கே வைத்திருந்த பெயர் வாசகர். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல். மாவு உப்பி வருகிற வரைக்கும் மற்றவர்கள் வாசலில் நின்று வம்பளப்பார்கள். இவர் மூட்டையில் சாய்ந்து நாவலைப் பிரித்துவிடுவார். சும்மா படித்தாலும் பரவாயில்லை. காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். 'இந்த வக்கீலை நம்பாதே', 'டாக்டர் புளுகுகிறான்', 'அழுதது போதும் பெண்ணே, கிளம்பு' என்று பக்க ஓரத்தில் கதாபாத்திரங்களுக்கு நேராகவே புத்தி சொல்லிக்கொண்டு போவார். அவர் கை பட்ட புத்தகத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வதைப் பழைய புத்தகக் கடைக்காரர் எப்போதோ நிறுத்திவிட்டார்.

வீட்டில் பருப்பு அவருடைய ராஜ்ஜியம். மனைவி மருத்துவமனையில் நர்ஸ். காலையில் போனால் வீடு திரும்ப ஆறு மணி ஆகும். இவர் மூன்று மணிக்கு வந்து, ஆளுக்கு ஒரு பிடி என்று மூன்று பிடி பருப்பை எடுத்துக் கழுவி ஊற வைப்பார். பிறகு பூண்டு, மஞ்சள், ஒரு சிட்டிகை சீரகம் போட்டு வேக வைப்பார். தொட்டுக்கொள்ளக் கடையிலிருந்து கொண்டுவந்த ரொட்டி. பருப்பு டப்பாவை வேறு யாராவது தொட்டால் மனுஷனுக்கு முகம் மாறிவிடும். பருப்பு வேகும்போது நின்றபடியே படிப்பார். அப்போதைக்குப் படிக்கிற நாவல் உப்பு ஜாடிக்குப் பின்னால் இருக்கும். அந்த இடத்தில் வேறு எதையும் யாரும் வைப்பதில்லை.

ஒரே மகள். இருபத்தொரு வயது. மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்க்கும் தொழிலைக் கற்றுக்கொள்ள அவளுக்கு வேறொரு ஊரில் இடம் கிடைத்திருந்தது. இரண்டு வருடப் பயிற்சி. பேருந்தில் எட்டு மணி நேரம். போன வருடமும் கிடைத்தது. இவர் "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். இந்த வருடமும் கிடைத்தது. மறுபடியும் "அடுத்த வருஷம் பாக்கலாம்மா" என்றார். ஏன் என்று கேட்டால் அவரிடம் ஒழுங்கான பதில் கிடையாது. அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம். அவள் கடைசியாகக் கேட்டுப் பதினோரு நாள் ஆகிறது. பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பிரச்சினை ஆறிப்போய்விட்டது என்று இவர் நிம்மதியாக இருந்தார்.

அன்றைக்குக் கடையில் பெரிய அடுப்பு மக்கர் செய்தது. முதலாளி அடுப்பைத் திட்டினார், அடுப்பு சரிசெய்கிறவனைத் திட்டினார், கடைசியில் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வாசகர் தோள் பையில் ஒரு ரொட்டியோடு வீட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். கதவு பூட்டியிருந்தது. சிநேகிதி வீட்டுக்குப் போவதாக மகள் காலையில் சொல்லியிருந்தாள். பூட்டைத் திறந்ததும் பையைக்கூடக் கழற்றவில்லை, நேராகச் சமையலறைக்குப் போய் உப்பு ஜாடிக்குப் பின்னால் கையை விட்டார்.

நாவல் இல்லை. நீல அட்டை போட்ட ஒரு நோட்டு இருந்தது. உள்ளே மகளின் கையெழுத்து.

முதல் வரியைப் படித்தார். 'தையல்காரரின் மகளுக்கு வரைபடம் வரையப் பிடிக்கும்.' அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பெண் கதை எழுதியிருக்கிறாள்! அதுவும் அப்பா கண்ணில் படட்டும் என்று சரியான இடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பென்சில் தானாகக் கைக்கு வந்தது.

கதை நன்றாக இருந்தது. பெண்ணுக்கு வெளியூரில் வரைபடம் கற்க இடம் கிடைக்கிறது. தையல்காரர் விடமாட்டேன் என்கிறார். இல்லை, விடமாட்டேன் என்றுகூடச் சொல்வதில்லை, தள்ளிப்போடுகிறார். வாசகருக்குத் தையல்காரர் மேல் பொல்லாத கோபம் வந்தது. 'இவருக்கு மனசு என்று ஒன்று இருக்கிறதா?' என்று ஓரத்தில் எழுதினார். அடுத்த பக்கத்தில், 'ஊரார் துணியை எல்லாம் அளக்கிறார், சொந்தப் பெண்ணை அளக்கத் தெரியவில்லை' என்று எழுதி, எழுதியதைத் தானே ஒரு முறை ரசித்துக்கொண்டார். தையல்காரர் மூன்றாவது தடவையாக 'அடுத்த வருஷம் பாக்கலாம்' என்று சொன்ன இடத்தில் பென்சிலை அழுத்தியே எழுதினார். 'ஒரே வசனம் மூன்று முறை. படிக்கிறவனுக்குச் சலிப்பு.'

இவ்வளவு படித்த மனிதருக்கு அது உறைக்கவில்லை. நாவலில் வரும் அப்பாக்களை அவர் எப்போதும் அடுத்த வீட்டுக்காரராகத்தான் பார்த்துப் பழகியிருந்தார்.

கடைசிப் பக்கம் வந்தபோது மணி ஒன்றே முக்கால். 'அப்பா வருவதற்குள் அவள் கிளம்ப வேண்டும். கிளம்புவதற்கு முன் பருப்பை ஊற வைத்தாள். மூன்று பேருக்கு அல்ல, இரண்டு பேருக்கு. இரண்டேகால் மணிப் பேருந்தில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள்.' அதோடு கதை முடிந்தது. வாசகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கீழே எழுதினார். 'நல்ல முடிவு. போகட்டும். திரும்பி வந்தால் கதை கெட்டுவிடும்.'

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நோட்டை மூடினார். வீட்டுக்குச் சீக்கிரம் வந்தாயிற்று, பருப்பையும் சீக்கிரமே போட்டுவிடலாம் என்று எழுந்தார். மேடையில் ஒரு பாத்திரம் தட்டு போட்டு மூடியிருந்தது. யாருடைய வேலை இது என்று எரிச்சலோடு தட்டை எடுத்தார்.

தண்ணீருக்குள் பருப்பு ஊறியிருந்தது. மூன்று பிடி ஊறினால் அந்தப் பாத்திரத்தில் எதுவரை வரும் என்று இருபது வருடமாகப் பார்த்த கண் அது. இது அதற்கு ரொம்பக் கீழே இருந்தது. இரண்டு பிடி.

மகளின் அறைக்கு ஓடினார். அலமாரி பாதி காலி. கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டி இல்லை. வெயில் காலத்தில் அவள் தொடாத கம்பளிச் சட்டையும் இல்லை. "ஐயோ" என்றார். கேட்க ஆள் இல்லை. நோட்டைக் கையில் பிடித்தபடி, கதவைப் பூட்டாமலே தெருவில் இறங்கினார்.

பேருந்து நிலையத்துக்கு நடந்தால் அரை மணி நேரம். ஓடுகிற வயதா அது? ஓடினார். மருந்துக் கடை வாசலில் ஒருவர் மேல் மோதினார். "கண்ணு தெரியலையா?" என்று அவர் கத்தியது முதுகுக்குப் பின்னால் கேட்டது. பெரிய சாலையில் வண்டிகள் விட்டால்தானே! முட்டி வலி உயிர் போயிற்று. என்ன சொல்லி இறக்குவது என்று மட்டும் யோசித்துக்கொண்டே ஓடினார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லலாமா? கையைப் பிடித்து இழுத்தால் வருவாளா? இறக்கியே தீருவது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

நிலையத்துக் கடிகாரத்தில் இரண்டு பத்து. நான்காவது பேருந்தில், ஜன்னல் ஓரத்தில் அவள் இருந்தாள். உள்ளே ஏறிப் பக்கத்தில் நின்றார். மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. அவரைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

"மூணு மணிக்குத்தானேப்பா வருவீங்க?"

"எறங்கு."

"அப்பா..."

"எறங்குன்னு சொல்றேன்ல? அம்மாவுக்குத் தெரியுமா இது?"

"தெரியும். பெட்டி கட்டிக் குடுத்ததே அம்மாதான்."

அது அவரை நன்றாகவே குத்தியது. அக்கம்பக்கத்து இருக்கைகளில் தலைகள் திரும்பின.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு?"

"எத்தனை தடவைப்பா சொல்றது? நான் சொன்னா உங்க காதுல விழாது. கதையில வர்ற பொண்ணு சொன்னா அழுவீங்க. அதான் கதையா எழுதி வச்சேன்." அவர் கையில் கசங்கிய நோட்டைப் பார்த்தாள். "படிச்சீங்களா?"

அவர் அதை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். அவள் அதற்குள் வாங்கிவிட்டாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஓரங்களைப் படிக்கப் படிக்க அவள் உதடு நடுங்கியது. சிரிப்பா அழுகையா என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசிப் பக்கத்தில் விரலை வைத்து நிமிர்ந்தாள்.

"'நல்ல முடிவு. போகட்டும்.' இது நீங்க எழுதினதுதானே?"

"அது... கதைன்னு நெனச்சு எழுதினேன்மா."

"கதைன்னா போலாம். நான்னா போகக் கூடாதா?"

ஓட்டுநர் ஏறி வண்டியை உயிர்ப்பித்தார். இருக்கைகள் அதிர்ந்தன. வாசகர் வாயைத் திறந்தார்.

"அதுக்கில்லம்மா. அடுத்த வருஷம்..."

பாதியில் நின்றுபோனார். மூன்று முறை வந்ததற்கே சலிப்பு என்று எழுதிய வசனம். நான்காவது முறை அவர் வாயிலிருந்தே வந்துகொண்டிருந்தது. மகள் கடைசிப் பக்கத்தில் வைத்த விரலை எடுக்கவில்லை.

"பெரியவரே, வர்றீங்களா, எறங்குறீங்களா?" என்றார் நடத்துனர்.

அவர் மகளின் கையைப் பார்த்தார். பிடித்து இழுக்க வந்த அவர் கை தோள் பைக்குள் போய் ரொட்டியை எடுத்தது.

"சாப்டியா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். ரொட்டியை அவள் மடியில் வைத்தார். "பருப்பு இல்லாம வெறும் ரொட்டி" என்றார். திரும்பிப் பார்க்காமல் இறங்கினார்.

கீழே நின்றதும்தான் தான் எழுதிய கடைசி வரி ஞாபகம் வந்தது. பேருந்து பின்னால் நகர்ந்து திரும்பத் தொடங்கியிருந்தது. ஜன்னலைத் தட்டினார். "நோட்டைக் குடு. ஒரு நிமிஷம் குடும்மா!"

அவள் பயந்தாள். நோட்டை மார்போடு பிடித்துக்கொண்டாள். "எதுக்குப்பா?"

"கிழிக்க மாட்டேன். குடு."

கொடுத்தாள். காதில் பென்சில் அப்படியே இருந்தது. வண்டியோடு கூடவே நடந்துகொண்டு, நோட்டை ஜன்னல் கம்பியில் முட்டுக் கொடுத்து, கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். 'நல்ல முடிவு' இருக்கட்டும் என்று விட்டார். 'போகட்டும்' என்பதில் பென்சில் ஒரு கணம் நின்றது, அதையும் விட்டுவிட்டார். 'திரும்பி வந்தால் கதை கெட்டுவிடும்' என்ற வரியை மட்டும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி அடித்தார். நோட்டைத் திரும்ப உள்ளே நீட்டினார்.

வண்டி வேகம் எடுத்தது. ஜன்னலில் தலையைக் குனிந்து அவள் அதைப் படிப்பது தெரிகிற வரைக்கும் அவர் கூடவே ஓடினார்.