நிமிர்ந்து நில்லுங்க, ஒகுனோ-சான்

ஷிஸுயோ ஒகுனோவின் முதுகு அவள் சொன்ன பேச்சைக் கேட்காது. ஜப்பானின் கோபே நகரில் ஒரு பெரிய பல்பொருள் அங்காடியின் வாசலில் இருபத்தாறு வருஷம் வாடிக்கையாளர்களை வரவேற்றவள். வரவேற்க இவ்வளவு குனிய வேண்டும், மன்னிப்புக் கேட்க இவ்வளவு என்று அளந்து பழக்கித்தான் வேலைக்கு வைத்தார்கள். கண் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய், பின்னாலேயே வேலையும் போனது. ஆனால் குனிகிற பழக்கம் மட்டும் போகவில்லை. அட, லிஃப்டில் கதவு மூடுவதாகச் சொல்லும் பதிவுக் குரலுக்கே குனிகிறவளை என்ன செய்வது!

ஐம்பத்திரண்டு வயதில் வழிகாட்டி நாய் கேட்டுப் பயிற்சி மையத்தில் வந்து தங்கியிருந்தாள். அவளுக்கென்று பார்த்து வைத்த நாயின் பெயர் அஸுகி. கறுப்பு லாப்ரடார், இரண்டு வயதுப் பெட்டை. அதன் உடம்பில் மாட்டிய பட்டையின் கைப்பிடி ஷிஸுயோவின் இடது கையில் இருக்கும். இருவருக்கும் பேச்சுவார்த்தை அந்தப் பிடி வழியாகத்தான். இவள் குனிந்தால் பிடி சாயும். பிடி சாய்ந்தால் அஸுகி குழம்பி நின்றுவிடும்.

மூன்றாவது வாரம் அது நடந்தேவிட்டது. நடுச்சாலையில் ஒரு சைக்கிள் மணி அடித்தது. ஷிஸுயோ சைக்கிளுக்குக் குனிந்தாள். அஸுகி நின்றது. பின்னால் கார் ஹாரன் அலறியது. அவள் காருக்கும் குனிந்தாள்.

பயிற்சியாளர் காஜிதானி ஓடிவந்து தோளைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்துப் போனார். "ஏங்க, உயிரோட இருக்கணும்னு ஆசை இருக்கா இல்லையா? காருக்கு மரியாதை வேண்டிக் கிடக்கா?"

"மன்னிக்கணும்" என்று மறுபடி குனிந்தாள்.

"பாத்தீங்களா, இப்பவும்! வெள்ளிக்கிழமை கடைசிப் பரீட்சை. நீங்க குனிஞ்சா அஸுகி அடுத்த ஆளுக்குப் போயிடும். நிமிர்ந்து நில்லுங்க, ஒகுனோ-சான்!"

ஆறு வருஷமாக ஷிஸுயோ தங்கை யோஷிமி வீட்டில்தான் இருக்கிறாள். யோஷிமியின் கணவருக்கு வடக்கே சப்போரோவுக்கு மாற்றல். மாசக் கடைசியில் கிளம்புகிறார்கள். நாய் கிடைத்தால் ஷிஸுயோ கோபேயில் தனியாக இருந்துகொள்வாள். கிடைக்காவிட்டால் அங்கே தங்கையின் மாமியார் வீட்டில், பனிக்குள்ளே, ஒரு மூலையில் உட்கார வேண்டியதுதான்.

போனில் யோஷிமி சிரித்தாள். "முதுகுல ஒரு துடைப்பத்தைக் கட்டிக்கோயேன், அக்கா!"

"உனக்கென்னடி, சொல்லுவே" என்றாள் ஷிஸுயோ. போனை வைத்த பிறகும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. சாப்பாட்டு அறைச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று சொல்லிப் பார்த்தாள். குனியாமல் சொன்னால் தன் குரலே திமிராகக் கேட்டது. கூசியது.

வெள்ளிக்கிழமை ரயில் நிலையத்திலிருந்து கடைத்தெருவுக்கு நடந்து, ஏதாவதொரு கடையில் சாப்பிட்டுத் திரும்ப வேண்டும். காஜிதானி இருபதடி பின்னால் வருவார், வாயைத் திறக்க மாட்டார். வழியில் யாரோ தோளில் மோதினார்கள். ஷிஸுயோ பல்லைக் கடித்துக்கொண்டாள். அஸுகி ஊடோன் நூடுல்ஸ் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. குழம்பின் வாசனை மூக்கில் ஏறியது.

"நாய் வேண்டாமே" என்றாள் கடைக்காரம்மா. "சாப்பிடறவங்களுக்குத் தொந்தரவு, பாருங்க."

குனிந்து மன்னிப்புக் கேட்டுத் திரும்பிப் போக முதுகு துடித்தது. அவள் பிடியை இறுக்கினாள்.

"இது வழிகாட்டி நாய்ங்க. உள்ள வரலாம்னு சட்டம் இருக்கு. மேசைக்கடியில சத்தமில்லாம படுத்துக்கும்."

"குனிஞ்சு ஒரு வார்த்தை கேட்டா என்ன குறைஞ்சா போயிடுவீங்க? கம்பம் மாதிரி நின்னுக்கிட்டு சட்டம் பேசறீங்களே!"

ஷிஸுயோவுக்கு முகம் எரிந்தது. இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு சொல் கேட்டதில்லை.

"நான் குனிஞ்சா இவளுக்கு வழி தப்பிடும்" என்றாள். "கோபே ஊருக்கே குனிஞ்சவ நான். இனிமே குனிஞ்சா ரோட்டுலயே செத்துப்போயிடுவேன், அம்மா."

கடைக்காரம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"இங்க உக்காருங்க. சுவரோரம். அதோட வாலை யாரும் மிதிக்க மாட்டாங்க."

என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. பாதிக் குழம்பு மடியில்தான் கொட்டியது. வெளியே வந்ததும் காஜிதானி தொண்டையைச் செருமினார். "அஸுகி உங்களோடதான்" என்று சொல்லிவிட்டு, மறுபடி இருபதடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

அங்கேயே நின்று யோஷிமிக்குப் போன் போட்டாள்.

"எனக்கு டிக்கெட் எடுக்காதே. நாய் கிடைச்சிடுச்சு."

யோஷிமி கேலி செய்வாள் என்று காத்திருந்தாள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது.

"அப்போ... உன்னை விட்டுட்டு நான் போகலாமாக்கா?"

ஆறு வருஷத்தில் தங்கை எதற்கும் அவளிடம் அனுமதி கேட்டதில்லை. இதைக் கேட்க எத்தனை நாளாகக் காத்திருந்தாளோ!

"போடி" என்றாள் ஷிஸுயோ. கண்ணீர் கொட்டியது. பிடி சாயாமல், நிமிர்ந்து நின்றே அழுதாள்.