என் வலைப்பூவின் குப்பைத் தொட்டி

சொந்த சர்வரில் வலைப்பூ தொடங்கியதிலிருந்து எனக்கு வந்த பின்னூட்டம் ஒன்றே ஒன்றுதான். நண்பர்கள் யாரும் படிப்பதில்லை என்று முடிவு கட்டியிருந்தேன்.

இன்று எண்ணூர் பஸ்ஸில், ராயபுரத்தில் ஏறிய நண்பன் சலீம் நேராகச் சண்டைக்கு வந்தான்.

"இன்னா மாமு, நான் போடுற கமெண்ட்டு ஒண்ணுகூட உன் பிளாக்ல வர்ல. பெரிய ஆளாயிட்டியா நீ?"

அங்கேயே போனில் செட்டிங்ஸைத் திறந்தேன். தளம் கண்ணியமாக இருக்கட்டும் என்று, நம்ம ஏரியா வசவுகளை எல்லாம் தடை செய்யும் சொற்களின் பட்டியலில் நான்தான் போட்டு வைத்திருந்தேன்.

குப்பைத் தொட்டி நிரம்பிக் கிடந்தது.

"டேய் பேமானி, அழ வெச்சிட்டியேடா."

"கஸ்மாலம், இன்னாமா எழுதிக்கிற."

எல்லாம் என் தோஸ்துகள்.

தடையைத் தாண்டி வந்திருந்த அந்த ஒன்று இதுதான்: "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் பதிவு மிக அருமை. குறைந்த வட்டியில் கடன் வேண்டுமா?"

சலீம் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அவங்கிட்டயே பேசிக்கினு இரு."

பழைய பட்டியலை அழித்துவிட்டேன். இனி எல்லோரும் தாராளமாகத் திட்டலாம். "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கினால் மட்டும் நேராகக் குப்பைத் தொட்டிதான்.