அடிக்காத ஓர் அடி

மாமா பந்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். வலது கை விரல்நுனியில் காய்ந்த புல் துணுக்கு ஒன்று இருந்தது. இடது கையை மெதுவாகத் தலைக்கு மேலே தூக்கினார். நான் அவருடைய பையைத் தோளில் சுமந்துகொண்டு நாலடி தள்ளி நின்றிருந்தேன். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்துப் பாட்டிலை எடுத்து நீட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தூரத்தில் நின்ற சக ஆட்டக்காரரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மாமா என்பது என் அக்கா கணவர். ஆரணிக்குப் பக்கத்தில் முள்ளிப்பட்டில் தறி போட்ட வீட்டில் பிறந்தவர். அவர் சிறுவனாக இருந்தபோதே அவருடைய அப்பா விசைத்தறி வேலைக்காகக் குடும்பத்தோடு பெங்களூருக்குப் போய்விட்டார். அங்கே குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு கோல்ஃப் மைதானம். பெரிய மனிதர்களின் பையைச் சுமக்கப் போனவர், அவர்களைவிட நன்றாக ஆடத் தொடங்கி, கடைசியில் அதையே தொழிலாக்கிக்கொண்டார். பட்டுப்புடவை வியாபாரம் செய்யும் எங்கள் வீட்டில் இதைப் புரியவைக்கவே பல காலம் ஆயிற்று. குறைவாக அடிப்பவர்தான் ஜெயிப்பார் என்பது என் அப்பாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. "எதிராளி அதிகமா அடிச்சிகினு இருக்கான், இவரு பாட்டுக்குக் கம்மியா அடிச்சிட்டு வந்து நிக்கறாரே" என்று வருத்தப்படுவார். மாமா சிரித்துக்கொண்டே சோறு பிசைவார்.

தொழில்முறை ஆட்டத்தில் ஆண்டு முழுக்க ஊர் ஊராகப் போக வேண்டும். ஆண்டு முடிவில் பட்டியலில் ஒரு கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்குத்தான் அடுத்த ஆண்டு ஆட அனுமதி. அதற்குக் கார்டு என்று பெயர். மாமா பல வருஷங்கள் அந்தக் கோட்டை ஒட்டியே பிழைத்தவர். அக்கா ஆரணியில் மகளையும் கடையையும் தனியாகப் பார்த்துக்கொண்டாள். கணக்கில் கெட்டி, பேச்சிலும் கெட்டி. அந்த வருஷத் தொடக்கத்தில் அவள் சொல்லிவிட்டாள், கார்டு கைவிட்டுப் போனால் மறுபடி தகுதிப் போட்டி, அது இது என்று அலையக்கூடாது, கடையில் வந்து உட்கார வேண்டும் என்று. மாமா "சரி" என்றார். பெங்களூரில் நடந்த கடைசிப் போட்டிக்கு முன்னால் அவருடைய பை தூக்கும் ஆளுக்குக் காய்ச்சல். புடவைக் கட்டோடு மாதம் இருமுறை பெங்களூர் போய்வருகிறவன் நான். சுமை எனக்குப் புதிதல்ல என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள்.

கடைசி நாள். முடிய இன்னும் சில குழிகளே இருந்தன. அந்தக் குழி, அடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து வெகு தூரத்தில் இருந்தது. நல்ல ஆட்டக்காரர் ஐந்து அடியில் முடிக்க வேண்டியது என்று வகுத்திருப்பார்கள். மாமாவின் முதல் அடி அருமையாக விழுந்தது. பந்து வெட்டிய புல்மேல் சுத்தமாக உட்கார்ந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு காய்ந்த துணுக்கு நீட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். மட்டைக்கு அதனால் எந்த இடைஞ்சலும் இல்லை. வேறு யாராயிருந்தாலும் விட்டிருப்பார்கள். ஆனால் தறிவீட்டில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற முதல் வேலை, தறியிலிருந்து அறுத்த புடவையை விரித்து அதன்மேல் நீட்டியிருக்கும் பிசிறைக் கிள்ளி எடுப்பது. அந்தப் பழக்கம் கையைவிட்டுப் போகாது. எங்கள் ஊரில் பேசிக்கொண்டே எதிரில் நிற்பவர் சட்டையில் இருக்கும் நூலை எடுப்பவர்கள் ஏராளம். எடுப்பது அவர்களுக்கே தெரியாது. மாமாவின் விரலும் தானாகப் போய் அந்தத் துணுக்கை எடுத்தது. பந்து நகர்ந்தது.

எவ்வளவு என்றால், ஒரு களம்பூர் அரிசி நீளம்கூட இருக்காது. பக்கத்தில் நின்ற நானே பார்க்கவில்லை. அவருடைய அடிகளைக் குறிக்க வேண்டிய வடநாட்டு ஆட்டக்காரர் அந்தப் பக்கம் திரும்பித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மாமா கையைத் தூக்கி அவரை வரவழைத்து, என்னால் பந்து நகர்ந்துவிட்டது, அபராதமாக எனக்கு ஓர் அடி சேர்த்துக்கொள்ளுங்கள் என்று இந்தியில் சொன்னார். அவர் குனிந்து பார்த்துவிட்டு, நிச்சயமாகவா என்று இரண்டு தரம் கேட்டார். நிச்சயம்தான். மாமா பந்தைப் பழைய இடத்தில் எடுத்து வைத்தார். அந்த விளையாட்டில் பல இடங்களில் நடுவர் கிடையாது, நம்மை நாம்தான் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வியாபாரி புத்திக்கு அது விசித்திரமாகப் பட்டது.

பிறகு அடித்தார். பந்து நேராகப் போய், குழி இருக்கும் மெத்தைப் புல்லுக்கு முன்னால் விழுந்து, உருண்டு, காணாமல் போயிற்று. குழியில் நட்டிருந்த கொடிக்குப் பக்கத்தில் நின்ற பையன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தான். ஐந்து அடிக் குழியை இரண்டே அடியில் முடிப்பதை ஆல்பட்ராஸ் என்பார்கள். ஒரே அடியில் குழியில் போடுவதைவிட அபூர்வம் என்று சொல்கிறார்கள். வாழ்நாள் முழுக்க ஆடியும் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்காத தொழில்காரர்கள் உண்டாம். வடநாட்டுக்காரர் ஓடிவந்து மாமாவைக் கட்டிப்பிடித்தார். பிடித்த கை அப்படியே தளர்ந்தது. அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. அடித்தது இரண்டு, எழுத வேண்டியது மூன்று. மூன்றும் நல்ல எண்ணிக்கைதான், ஆனால் அதை யாரும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். மாமா என்னிடம் மட்டையை நீட்டி, "தொடச்சி வையி மச்சான்" என்றார்.

மாலையில் பட்டியல் வந்தது. சரியாக அந்த ஓர் அடியில் மாமா கோட்டுக்குக் கீழே போனார், கார்டு போயிற்று. வேலூர் வழியாக ஆரணி வந்து சேரும்வரை மாமா ஜன்னலோரம் தூங்கினார், அல்லது தூங்குவதுபோல இருந்தார். நான் பஸ்ஸில் மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

இதற்குள் ஒரு விஷயம் நடந்திருந்தது. யாரோ எடுத்த வீடியோ கைப்பேசி கைப்பேசியாகப் பறந்து எங்களுக்கு முன்பே ஊருக்கு வந்துவிட்டது. பந்து உருண்டு குழியில் விழுவது மட்டும்தான் அதில் இருந்தது. கூடவே, இரண்டே அடி என்று எழுதியிருந்தார்கள். இன்றைக்கும் கடைக்கு வரும் வியாபாரிகள் அதைக் காட்டி விசாரிக்கிறார்கள். மாமா புடவையை மடித்துக்கொண்டே "மூணுங்க" என்று திருத்துவார். நாங்கள் வந்து சேர்ந்த அன்று வீட்டில் மைசூர்பாகு வாங்கி வைத்துத் தெருவே உட்கார்ந்திருந்தது. இப்படி ஒன்றை அடித்தவருக்குக் கார்டு போகாது என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். அக்கா பட்டுப்புடவை கட்டியிருந்தாள். அவளை அப்படிப் பார்த்ததும் நான் பையோடு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

மாமா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "ரெண்டு இல்ல, மூணு" என்றார். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். ஒருவரும் மைசூர்பாகைத் தொடவில்லை.

"அப்ப கார்டு?" என்றாள் அக்கா.

"பூட்ச்சி."

"யாருனா பாத்தாங்களா?"

"இல்ல."

எங்கள் பெரியம்மாதான் வாயைத் திறந்தாள். "இன்னாடி இது, அவ்ளோ பெரிய ஆட்டம் ஆடிட்டு வந்துகிறாரு. இன்னொரு வருஷம் போயினு வரட்டுமே." எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அக்கா இளகிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் கண் கலங்கியிருந்தது.

"யாரும் பாக்காத எடத்துல அவரு ஒரு அடியக்கூட தனக்குத் தள்ளுபடி பண்ணிக்கல பெரிம்மா" என்றாள். "நான் மட்டும் சொன்ன பேச்சுல ஒரு வருஷத்த தள்ளுபடி பண்ணா, அவரு மூஞ்ச எப்பிடிப் பாப்பேன்?"

எனக்கு இருவர்மேலும் கடுங்கோபம் வந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. மாமா கோபப்படவில்லை. அக்காவைப் பார்த்தார். மைதானத்தில் பந்து உள்ளே விழுந்தபோதுகூட அவர் முகத்தில் நான் பார்க்காத சிரிப்பு ஒன்று அப்போது வந்தது.

"காலையில எத்தினி மணிக்குக் கடை தெறக்கணும்?" என்று கேட்டார்.