மீட்டர் இறங்கிய வாரம்

நான்காவதாகவும் பெண்ணே பிறந்ததால் அவளுக்கு வேண்டா என்று பெயர் வைத்தார்கள். தையூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு வளர்ந்தவள். அந்த வயல்கள் மனைகளாகி, மனைகளில் மாடிக் குடியிருப்புகள் எழும்பியபோது, நாற்பது வயதில் கேளம்பாக்கத்தில் ஒரு குடியிருப்பில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். முந்நூறு வீடுகள். அத்தனை வீட்டுக் கழிவுநீரும் பின்மதில் ஓரமிருந்த நிலத்தடித் தொட்டியில் வந்து விழும். அந்தப் பக்கம் போக மற்றவர்கள் மூக்கைச் சுளித்ததால் அது வேண்டாவின் பங்குக்கு வந்தது.

2008இல் பிரதீபா என்ற ஆராய்ச்சி மாணவி குடியிருப்போர் சங்கத்தாரிடம் அனுமதி வாங்கி, தொட்டிக்கருகே டிபன் கேரியர் உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்தாள். மெல்லிய குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீர் அதற்குள் போய் வரும். உள்ளே கறுப்புத் துணி போல ஏதோ தொங்கியது. அதிலிருந்து இரண்டு கம்பிகள் மீட்டருக்கு வந்தன.

"இதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க இருக்குக்கா. சாக்கடை அழுக்கைத் தின்னுதான் வாழும். தின்னும்போது துளித்துளியா கரண்ட்டை விடும். இந்தக் கரித்துணி அதை வாங்கிக்கும்."

"பீயத் துன்னுட்டு கரண்ட் குடுக்குதா? நம்மள விட நல்ல பொயப்புதான்" என்று வேண்டா சிரித்தாள்.

காலை எட்டுக்கும் மாலை நான்குக்கும் மீட்டரில் தெரியும் எண்ணை நோட்டில் எழுத வேண்டும். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள் என்றாலும் எண்கள் அவளுக்குத் தெரியும். பெரும்பாலும் 480க்குப் பக்கத்தில் நிற்கும். பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்குப் போனபோது 300க்கு வந்தது. "பூச்சிங்க பட்டினி கெடக்குதுங்க" என்று பிரதீபாவுக்குப் போனில் சொன்னாள். பிரதீபா அதை அப்படியே தன் குறிப்பில் எழுதிக்கொண்டாள்.

அடுத்த ஆவணி மாதம், ஒரு புதன்கிழமை காலை, பின்மதிலுக்கு வெளியே, தொட்டியோடு சேரும் கழிவுநீர்க் குழியருகே பெயர் எழுதாத டேங்கர் லாரி நின்றுகொண்டிருந்தது. வேண்டா எட்டிப் பார்ப்பதற்குள் கிளம்பிவிட்டது. அன்று மாலை மீட்டர் 310 காட்டியது. வியாழன் காலை 95. மாலையில் 20. வீடுகளில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். தொட்டியிலும் தண்ணீருக்குக் குறைவில்லை. ஆனால் மூடி இடுக்கிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் வந்தது.

அக்காள் கல்யாணத்துக்காக மதுரை போயிருந்த பிரதீபாவைப் போனில் பிடித்தாள். எண்களைக் கேட்டதும் பிரதீபா இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

"அக்கா, கிருமிங்க செத்துட்டிருக்கு. ஆசிட் மாதிரி ஏதோ கலந்திருக்கு. சாக்கடையில ஆசிட் விழுந்தா விஷக்காத்து கெளம்பும். வெள்ளியைக்கூடக் கறுப்பாக்கிடும். யாரையும் உள்ள எறங்க விடாதீங்க. இன்னொண்ணு, நாத்தம் சட்டுனு நின்னுபோனா நல்லதுன்னு நெனைக்காதீங்க. மூக்கு மரத்துப்போச்சுன்னு அர்த்தம். சனிக்கிழமை வந்துடறேன்."

வெள்ளிக்கிழமை தொட்டிக்குள் இருந்த பம்ப் அடைத்துக்கொண்டது. கீழ்த்தள வீடுகளில் கழிவுநீர் எதிர்த்து ஏறியது. குடியிருந்தவர்கள் பராமரிப்பு மேலாளர் நிதினைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். அவன் சின்னையனுக்கு ஆள் அனுப்பினான். சுற்றுவட்டாரத் தொட்டிகளில் இறங்கி அடைப்பெடுக்கும் ஆள் அவன்.

சின்னையன் சட்டையைக் கழற்றிவிட்டு மூடியைப் புரட்டினான். நாற்றம் முகத்தில் அறைந்தது. வேண்டா கையை நீட்டி மறித்தாள்.

"எறங்காத அண்ணாத்த. உள்ள விசம் கீது."

"இருவது வருசமா எறங்கினுகீறேன். எனக்கே சொல்றியா?" குனிந்து மூக்கை உறிஞ்சினான். "பாரு, நாத்தமே பூட்ச்சி."

பிரதீபா சொன்னது வேண்டாவுக்கு நினைவுக்கு வந்தது. அவளுக்கும் நாற்றம் தெரியவில்லை. அவன் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள். தன் வலதுகால் வெள்ளிக் கொலுசைக் கழற்றி, தோட்டத்துச் சணலில் கட்டித் தொட்டிக்குள் இறக்கினாள். இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தள்ளி நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து இழுத்தபோது கொலுசு அடுப்புக்கரியில் புரண்டதுபோல் கறுத்திருந்தது.

சின்னையன் அதைத் தொடவில்லை. சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "நைனா, வேற ஆளப் பாத்துக்கோ" என்று நிதினிடம் சொல்லிவிட்டு நடந்தான்.

"காலேஜ் பொண்ணு வெச்ச பொம்மையை நம்பி என் வேலையை நிறுத்தறியா?" என்று நிதின் வேண்டாவிடம் பாய்ந்தான். "பொட்டில ஒயர் கழண்டாலும் மீட்டர் எறங்கும். நாளைலேர்ந்து நீ ஈ பிளாக் படிக்கட்டு. இந்தப் பக்கம் உன்னைப் பாக்கக் கூடாது."

போவதற்கு முன் அவள் மீட்டரைப் பார்த்தாள். 4. அதை எழுதி, நோட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஈ பிளாக் மூன்றாம் மாடியில் தரை துடைத்துக்கொண்டிருந்தபோது கீழே கூச்சல் கேட்டது. ஈரத்துணியோடு ஓடினாள். தொட்டி வாயைச் சுற்றிக் கூட்டம். திருக்கழுக்குன்றம் பக்கமிருந்து வரவழைத்த கருப்பன் என்பவன் ஏணியில் நான்கு படி இறங்கி, ஒரு சத்தமுமில்லாமல் விழுந்துவிட்டதாகச் சொன்னார்கள். காவலாளி ஒருவன் காப்பாற்றக் காலை உள்ளே வைத்தான். வேண்டா அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நீயும் சாவாத, நீயும் சாவாத" என்று அலறினாள். தீயணைப்புப் படை முகமூடி போட்டுக்கொண்டு வந்து கருப்பனைத் தூக்கியபோது உயிர் இல்லை.

ஊர் திரும்பிய பிரதீபா பதினொரு மணிக்குப் பைகளோடு வாசலில் இறங்கினாள். வேண்டா அவள் பைகளில் ஒன்றை வாங்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் நடந்தாள்.

மாலையில் நிதின் தனியாக வந்தான். முகம் வெளுத்திருந்தது. "அந்த நோட்டைக் குடுத்துடு. உனக்கு எதுக்கு வம்பு?"

"காணாப்பூட்ச்சி சார்."

மறுநாள் பிரதீபாவோடு காவல் நிலையம் போய் நோட்டை ஆய்வாளரிடம் தானே கொடுத்தாள். 310, 95, 20, 4 என்று விரல் வைத்துக் காட்டினாள். அந்த மாதக் கடைசியில் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கண்ணாடிப் பெட்டியையும் எடுக்கச் சொன்னார்கள். டேங்கர் லாரி யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை.

கருப்பன் இறந்த வழக்கு செங்கல்பட்டு நீதிமன்றத்தில் நடந்தது. மூன்றாவது தடவையும் வாய்தா கொடுத்த அன்று, பேருந்து நிலையத்தில் சாட்சிக்கு வந்திருந்த வேண்டாவின் பக்கத்தில் கருப்பனின் மனைவி கல்யாணி வந்து உட்கார்ந்தாள். அதுவரை இருவரும் பேசிக்கொண்டதில்லை.

"அவரு எறங்கறப்ப நீ எங்க இருந்த?"

"மாடில. தரை தொடச்சினு இருந்தேன்." வேண்டா தலையைத் தூக்கவில்லை. "மொத நாளு ஒர்த்தரத் தடுத்துட்டேன். அதுக்குதான் என்ன அந்தாண்ட மாத்திட்டாங்கோ. வேற ஆளு வருவாருன்னு எனக்குத் தோணல."

கல்யாணி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"என் கொழுந்தனும் இப்ப இந்த வேலைக்குதான் போறான். சொன்னா கேக்க மாட்றான்."

"எங்க?"

"சிறுசேரில. ஏதோ புது பில்டிங்காம். காலைலயே கூப்ட்டுனு போனாங்கோ."

வேண்டா எழுந்து நின்றாள். "அவன் நம்பர் வெச்சிருக்கியா? போடு."

கல்யாணி போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் போட்டாள்.