இரண்டு கோப்பைத் தேத்தண்ணி

நான் பாரிசில், ரூ லூயி-பிளாங்க் என்கிற தெருவில் விமானச் சீட்டு விற்கிறவள். பதினேழு வருடமாக அதே கடை, அதே கதிரை. என் தொழிலில் இன்றைக்குப் பொய் சொன்னால் நாளைக்கு ஆள் வாசலில் வந்து நின்று சண்டை பிடிக்கும். அதனால் கதை விடுகிற பழக்கம் எனக்கில்லை. நம்பிக்கையில்லாதவர்கள் கடைக்கு வந்து பூரணி யார் என்று கேளுங்கள். என் முகத்தைப் பார்த்து நீங்களே முடிவு எடுங்கள். பேய் இரவில்தான் வரும் என்கிறார்கள். எனக்கு நடந்தது பின்னேரத்தில்.

என் மனுசன் சேந்தன், இதே றோட்டில் ஒரு உணவகத்தில் சமையல் வேலை செய்தவர். நாள் முழுக்க நெருப்புக்கு முன்னால் நின்றதாலோ என்னவோ, பனிமலை என்றால் பைத்தியம். மளிகைக் கடை கலண்டரில் வந்த இமயமலைப் படத்தை, வருடம் முடிந்து மூன்று வருடமாகியும் குசினிச் சுவரிலிருந்து கழற்ற விடவில்லை. எங்கள் இருபத்தைந்தாவது கலியாண நாளுக்கென்று, வழிகாட்டியோடு எட்டு நாள் நேபாள மலைக்கிராமங்களில் நடக்கிற பயணத்தை இரண்டு பேருக்குப் பதிந்துவிட்டார். அதுவும் சீட்டு விற்கிற எனக்கே தெரியாமல்! எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

"என்ரை முழங்காலோடை மலை ஏறுறதோ? விசரே உங்களுக்கு?"

"இஞ்சருமப்பா, நீர் ஆறுதலா நடந்து வாரும். நான் முன்னாலை போய்ச் சுடுதண்ணி வைப்பிச்சு, தேத்தண்ணியும் சொல்லிப்போட்டு நிப்பன்."

அவர் என்னை எப்போதும் "இஞ்சருமப்பா" என்றுதான் கூப்பிடுவார். இருபத்தைந்து வருடத்தில் ஒருநாளாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஊரில் பழகின கூச்சம், பாரிசுக்கு வந்தும் போகவில்லை.

மே மாதம் வேலை முடிந்து வரும்போது லா ஷப்பல் மெத்ரோ ரயில் நிலையப் படியில் விழுந்தார். சமையல்காரரின் வெள்ளைச் சட்டை, வேலைச் சப்பாத்து, அப்படியே. எழும்பவில்லை.

எங்கள் ஆட்களிடம் எட்டுச் செலவு என்று ஒன்று உண்டு. எட்டாம் நாள், செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைத்து, பொழுதுபடுகிற நேரம் கொண்டுபோய் சந்தியில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். அதைச் சாப்பிட்டுவிட்டு அவர் தன் வழியே போய்விடுவார். அவருடைய தமையன் ஸ்ரீஸ்கந்தராசா அத்தான், நண்டுக்கறியும் குழல் புட்டும் தட்டை வடையும் போட்ட பையை மெத்ரோப் பாலத்துக்குக் கீழே சந்தியில் வைத்துவிட்டு நடந்தார். பின்னாலேயே ஒரு வெள்ளைக்காரப் பெடியன் ஓடி வந்திருக்கிறான். "மொஸ்யூ! மொஸ்யூ! உங்கள் பை!"

அத்தான் திரும்பினார். "மெர்சி" என்று சொல்லிப் பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நான் என்ன செய்யிறது, பிள்ளை? தனிய பை கிடந்தால் குண்டெண்டு பொலிஸ் வந்து றோட்டையெல்லே மூடிப்போடும்!"

சிலர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு நெஞ்சு வெடித்தது. நண்டுக்கறி ஆறிப்போய் மேசையில் இருந்தது. மனுசன் பசியோடு போய்விட்டார் என்று அன்று முழுக்க அழுதேன். மகள் தர்மிளா, "மமோ, அரெத்!" அம்மா, நிறுத்து என்று பிரெஞ்சில் அதட்டினாள். பிறகு அவளும் என் மடியில் படுத்து அழுதாள்.

ஒக்டோபரில் அவள்தான் என்னை நேபாளத்துக்கு அனுப்பினாள். பப்பாவின் ஆசை, நீ போ என்றாள். தட்டை வடை சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு பேருக்கென்று பதிந்ததை மாற்றவும் எனக்கு மனம் வரவில்லை. எங்கள் குழுவில் நாலு பிரெஞ்சுக்காரர்கள். அதில் ஒலிவியே என்கிற ஓய்வுபெற்ற ரயில் சாரதி நல்ல மனிதர். வழிகாட்டி பெம்பா. அந்த மலைகளில் பிறந்த பெடியன், பிரெஞ்சு பேசுவான்.

முதல் நாள் தங்கின வீட்டில், நான் உட்காரவும் என் முன்னால் இரண்டு கோப்பைத் தேத்தண்ணி வந்தது. ஒன்றில் சீனி இல்லை. எனக்குச் சலரோகம், சீனி போடமாட்டேன். மற்றதை வாயில் வைத்துப் பார்த்தேன். சீனிப்பாணி மாதிரித் தித்திப்பு! சேந்தன் மூன்று கரண்டி போட்டுக் குடிப்பவர்.

இரண்டு பேருக்குப் பதிந்தது தானே, அதுதான் என்று நினைத்தேன். ஆனால் சீனிக் கணக்கை யார் சொன்னது?

அடுத்த ஊரிலும் இரண்டு கோப்பை. அதற்கடுத்த ஊரிலும். நான் போய்ச் சேர முன்னமே, கால் கழுவச் சுடுதண்ணி ஒரு பாத்திரத்தில் ஆவி பறக்க இருக்கும். எனக்கு மட்டும்தான். ஒலிவியே பகிடி பண்ணினார். "மதாம், நீங்கள் இங்கே மகாராணி போல!" பெம்பாவிடம் தொலைபேசியில் சொல்லி வைத்தாயா என்று கேட்டேன். அங்கே சிக்னலே இல்லை. அவன் குனிந்து சப்பாத்துக் கயிறைக் கட்டினான்.

நாலாம் நாள்தான் அந்தச் சத்தம் தொடங்கியது.

நான்தான் எப்போதும் கடைசி. எனக்குப் பின்னால் ஆள் இல்லை. ஆனாலும், சரக்... சரக்... சரக்... கல்லில் கால் இழுபடுகிற சத்தம். நான் நின்றால் அதுவும் நின்றது. நடந்தால் நடந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பயம் வரவில்லை. சந்தோசம் வந்தது. அவர்தான்! திரும்பினால் போய்விடுவாரோ என்று திரும்பாமலே கேட்டேன்.

"பசிக்குதோ?"

சத்தம் நின்றது.

பிறகு, முன்னையை விடக் கிட்டக் கேட்டது.

அன்றைக்கு நினைத்தேன், பாவம், சாப்பாடு கிடைக்காமல்தான் இந்த மனுசன் குளிருக்குள் என் பின்னால் அலைகிறது. என்னோடு வைத்திருக்க ஆசைதான். ஆனால் பசியோடு வைத்திருக்கலாமா?

ஆறாம் நாள், பின்னேரம் மூன்று நாற்பது. கல் அடுக்கிய ஒரு இடத்தில் மூன்று பாதைகள் சந்தித்தன. கீழே நாங்கள் தங்குகிற வீடு தெரிந்தது. மற்றவர்கள் போய்விட்டார்கள். கொஞ்ச நேரம் தனியே விடச் சொன்னேன். பெம்பா வளைவு வரை போய் நின்றான்.

பையைத் திறந்தேன். தட்டை வடையைக் கடதாசியோடு கல்லில் வைத்தேன். குடுவையிலிருந்து தேத்தண்ணி ஊற்றி, மூன்று கரண்டி சீனி போட்டேன்.

"சாப்பிட்டிட்டுப் போங்கோப்பா. இனி எனக்குப் பின்னாலை வரவேண்டாம். பிள்ளையை நான் பாப்பன்."

திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

மூடுபனி இறங்கியது.

பின்னால் கடதாசி கிழிகிற சத்தம்.

பிறகு... மெல்லுகிற சத்தம். நெறுக்... நெறுக்...

கண் நிறைந்து பாதை தெரியவில்லை. சாப்பிடுகிறார், சாப்பிடுகிறார் என்று சொல்லிக்கொண்டே நடந்தேன்.

"பூரணி..."

அவருடைய குரல். அவரேதான்.

"பூரணி... நில்லும்..."

நான் நிற்கவில்லை.

சரக். சரக். சரக்.

பிடரியில் ஒரு மூச்சுப் பட்டது. ஐஸ் தண்ணி.

"பூரணி!"

ஓடினேன். முழங்காலாவது மண்ணாவது!

வளைவில் பெம்பா. என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தான். அவன் முகம் மாறியது. என் கையைப் பிடித்தான். இழுத்துக்கொண்டு ஓடினான்.

வீட்டுக்கார அம்மா டோல்மா கதவைத் திறந்தபடி நின்றாள். எங்களை உள்ளே இழுத்தாள். கதவைச் சாத்தி, தடி போட்டாள்.

உள்ளே சுடுதண்ணி. இரண்டு கோப்பை.

அப்போது கதவில் தட்டு.

டக்... டக்.

நகத்தால், மெல்ல, இரண்டு தரம். வேலை முடிந்து வந்தால் சேந்தன் அப்படித்தான் தட்டுவார், பிள்ளை எழும்பிவிடுவாள் என்று.

டோல்மா திறக்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். திறந்தால் எல்லாம் வீணாகிவிடும். அவர் போகவேண்டும்.

டக்... டக்.

காதைப் பொத்திக்கொண்டேன்.

பிறகு தட்டவில்லை. இரண்டாவது கோப்பை ஆறிப்போய் அப்படியே இருந்தது. எட்டுச் செலவு சரியாக முடிந்தது என்று, மே மாதத்துக்குப் பிறகு முதல் தரமாக நான் நித்திரை கொண்டேன்.

இதோடு முடிந்திருந்தால் எழுதியிருக்கமாட்டேன்.

இந்த வருடம் ஏப்ரலில் ஒலிவியே மறுபடி அதே மலைக்குப் போனார். திரும்பி வந்து கடைக்கு வந்தார். கதிரையில் உட்கார்ந்து தொப்பியைக் கையில் உருட்டினார்.

"மதாம் பூரணி, உங்கள் கணவர் எங்களோடு வரவில்லைதானே?"

"அவர் செத்து ஒரு வருடமாகப் போகுது, ஒலிவியே."

"டோல்மா உங்களிடம் ஒன்று சொல்லச் சொன்னாள். பெம்பாதான் மொழிபெயர்த்தான். அவனுக்கும் அப்போதே தெரியுமாம். உங்களைப் பயப்படுத்த விரும்பவில்லையாம்."

ஒவ்வொரு ஊரிலும், நான் போய்ச் சேருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு ஆள் வந்திருக்கிறாராம். வெள்ளைச் சட்டை, நெஞ்சில் மஞ்சள் கறை. குளிருக்கு ஒரு கம்பளிகூட இல்லை. வாசலில் நின்று இரண்டு விரல் காட்டுவாராம். சீனிப் போத்தலைக் காட்டுவாராம். சுடுதண்ணி வைக்கச் சொல்லிக் காலைக் காட்டுவாராம்.

முன்னால் போய்ச் சொல்லிவிட்டு நிற்பேன் என்றவர், சொன்னபடியே முன்னால்தான் போயிருக்கிறார்.

"ஆறாம் நாள் அவர் டோல்மாவின் வாசலில் நின்று மேலே பாதையைப் பார்த்தாராம். உங்களுக்குப் பின்னால் வந்ததைக் கண்டு பயந்துபோனாராம். உங்களை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்தும்படி கையைக் காட்டினாராம். கதவுக்கு வெளியே, பாதையை மறித்தபடி தான் நின்றுகொண்டாராம். அது திரும்பிப் போன பிறகுதான் கதவைத் தட்டினாராம்."

"எனக்குப் பின்னாலை வந்தது என்ன?"

"டோல்மா அதைச் சொல்லமாட்டேன் என்கிறாள்."

அவர் வாழ்நாளில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அது என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டது. என் கையால் சுட்ட வடையை அதுக்குத்தான் கொடுத்திருக்கிறேன்.

ஒலிவியே எழும்பி, வாசலில் திரும்பி நின்றார்.

"மூடுபனி இறங்குகிற பின்னேரங்களில் அவர் இப்போதும் அந்த வாசலுக்கு வருகிறாராம், மதாம். இரண்டு விரல் காட்டுகிறாராம். டோல்மா இரண்டு கோப்பை வைக்கிறாள். கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறாள். அவர் உள்ளே வருவதில்லை. நீங்கள் வரவேண்டிய பாதையைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாராம்."

ஒக்டோபருக்கு எனக்குச் சீட்டுப் போட்டுவிட்டேன். தர்மிளாவுக்கு இன்னும் சொல்லவில்லை. அவர் குளிருக்குள் நின்று இரண்டு தரம் தட்டினார். நான் திறக்கவில்லை.